பங்குனியில் பொத்துவில்: தோணிக்கு முழுப் புள்ளி, ஜீப்புக்குப் பாதி

களுவாஞ்சிகுடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வருசம் முழுக்கக் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். பங்குனியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை; பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மட்டும்தான் கடைக்கு ஆள் வரும். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போனில் அந்த விளம்பரம் வந்தது: "கடலோரத்தில் வசந்தகாலப் பறவைப் படப்பிடிப்பு விடுமுறை". நமக்கு ஏது வசந்தம்? மாரி இருக்கிறது, கோடை இருக்கிறது. ஆனாலும் போனேன். இரண்டு இரவு, சாப்பாடு, களப்பில், அதாவது கடலோரக் காயலில், ஒரு காலைத் தோணி, குமண தேசிய வனத்துக்கு அரைநாள் ஜீப், கூடவே ஒரு வழிகாட்டி. எல்லாமாக ஆளுக்கு 42,000 ரூபாய்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப்போகிறேன், ஆறே ஆறு கபானாவை, சின்னக் குடில்களை, வைத்துப் பிழைக்கிறவர்கள். பொத்துவில் களப்புக்கும் அறுகம்குடாவுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பருவத்தைப் பற்றி. பறவை பார்க்க மார்கழி, தைதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வடக்கிலிருந்து வருகிற கூட்டம் அப்போதுதான் அதிகம், உண்மை. ஆனால் அந்த நேரத்தில் உள்ளான்கள், சேற்றில் கொத்தித் தின்கிற சின்னக் கரைப்பறவைகள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது எது என்று தெரியாது, படத்திலும் சேறோடு சேறாகக் கிடக்கும். பங்குனிக் கடைசியில் அவை திரும்பிப் போகிற நேரம், போவதற்கு முன்னமே அலங்காரம் தொடங்கிவிடுகிறது. கார்லூ சாண்ட்பைப்பர் என்று ஒரு வளைந்த மூக்கு உள்ளான், நெஞ்செல்லாம் செங்கல் நிறம் ஏறி நின்றது. இங்கிருந்து சைபீரியாவின் வடகோடிக்குப் போய்த்தான் முட்டையிடும். பசிபிக் கோல்டன் ப்ளவர் என்கிற இன்னொரு கரைப்பறவைக்கு முதுகில் பொன்பொட்டு, வயிற்றில் திட்டுத்திட்டாகக் கறுப்பு, பாதி மேக்கப்பில் எழுந்து வந்த மாப்பிள்ளை மாதிரி. இருபது வருசமாகப் பொம்பிளை மாப்பிள்ளை எடுக்கிறவனுக்கு இது போதாதா?

தோணி காலை ஐந்தரைக்கு. எஞ்சின் கிடையாது. ஓட்டியவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு காக்கா (பறவையில்லை, முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்), சின்ன வயதிலிருந்தே அந்தக் களப்பில் இறால் பிடித்தவர். கம்பை ஊன்றித் தள்ளும்போது தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. முதல் கால் மணி நேரம் நான் வாய் ஓயாமல் "காக்கா, இன்னும் கிட்டப் போங்க" என்று நச்சரித்தேன். அவர் தோணியைக் கண்டல் மரங்களின் ஓரமாக நிறுத்திவிட்டு, "கொஞ்சம் பொறுங்க தம்பி, நாம போனா அது போகும், நாம இருந்தா அது வரும்" என்றார். வந்தது. ஒரு கறுப்பு வெள்ளை மீன்கொத்தி எங்களுக்கு நேர் முன்னால், பத்தடி உயரத்தில், ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. 1/2500 செக்கனில் இருபது படம். அதில் நாலு கூர்மை. அந்த நாலுக்கே 42,000 சரி.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 70-200 லென்ஸை நம்பிப் போகாதீர்கள். தூரத்தைக் கிட்ட இழுக்கிற, நண்பனிடம் இரவல் வாங்கிய 150-600 லென்ஸ் இல்லாவிட்டால் நான் காட்சி மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பேன். தோணியில் முக்காலி உதவாது. முழங்கால் மேல் ஒரு அரிசிப் பை போதும். அப்புறம், இருட்டான கண்டலுக்கு முன்னால் நிற்கிற வெள்ளைக் கொக்கு. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, இறகை வெறும் வெள்ளைக் கடுதாசி ஆக்கிவிடும். பட்டுவேட்டி, வெள்ளைச் சேர்ட் மாப்பிள்ளைக்குச் செய்வதுபோலவே ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து எடுங்கள்.

இனி குறை. அன்று பின்னேரம் வழிகாட்டித் தம்பி எங்களைக் களப்பின் மறுகரைக்கு நடத்திக்கொண்டு போனார். பெயர்கள் எல்லாம் நுனிநாக்கில் வைத்திருந்தார், அதில் குறையில்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் வர்ண நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா என்று நூறுக்கும் மேல் மேய்ந்துகொண்டிருந்தன. கூட வந்த ஒருவர் பறக்கிற படம் வேண்டும் என்றார். உடனே தம்பி இரண்டு கையையும் சேர்த்துப் பலமாகத் தட்டினார். எல்லாம் எழும்பின. ஓரத்தில் இருந்த உள்ளான் கூட்டமும் சேர்ந்து எழும்பியது. நானும் கேமராவைத் தூக்கினேன், பொய் சொல்ல மாட்டேன். "தாலியை இன்னொருக்கா கட்டுங்கோ, படம் ஆடிப்போச்சு" என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன்! ஆனால் மாப்பிள்ளைக்கு இரண்டாம் தரம் கட்டுவதால் ஒன்றும் குறையாது. இந்த உள்ளான்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்க வேண்டும். அதற்குக் கொழுப்புச் சேர்க்கத்தான் இப்போது விடாமல் கொத்தித் தின்கின்றன. ஒவ்வொரு கைதட்டும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பது. இராத்திரி முதலாளியிடம் சொன்னேன். "கெஸ்ட் கேட்டால் என்ன செய்ய, அண்ணே" என்றார்.

குமணவில் வேறு கதை. தேசிய வனம் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. நாங்கள் இடியப்பமும் சொதியும் வரும்வரை காத்திருந்து, பாணமை தாண்டி, கிறவல் றோட்டில் குலுங்கி, உகந்தை வாசலுக்குப் போய்ச் சேர எட்டே முக்கால். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, நிழல்கள் கறுத்துவிட்டன. உகந்தை முருகனைக் கும்பிட்டதுதான் ஆறுதல். சாப்பாட்டைப் பார்சல் கட்டித் தந்து நாலரைக்கு அனுப்புவது அவ்வளவு பெரிய வேலையா?

விளம்பரத்தில் கூடும் குஞ்சுமாக ஒரு படம் போட்டிருந்தார்கள். அது குமண வில்லு. ஏறக்குறைய 200 ஹெக்டேயர் சதுப்பு, 1938 இலேயே பறவைச் சரணாலயம் ஆக்கிய இடம், 2010 இல் ராம்சார் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கூடு கட்டுவது வைகாசி, ஆனி வாக்கில். பங்குனியில் போகிறவனுக்கு அந்தப் படத்தைக் காட்டுவது சரியில்லை. முதலை பார்த்தோம், மயில் தோகை விரித்தது, திரும்பும்போது பாணமைக்கு முன்னால் றோட்டோரம் ஒரு தனியன் யானை. மோசமில்லை, ஆனால் எல்லாம் மத்தியானப் படங்கள்.

அறை துப்புரவு. நுளம்பு வலை ஓட்டையில்லை. பிளக் ஒன்றே ஒன்று. பற்றரி, போன், லப்டொப் எல்லாவற்றுக்கும் எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டுபோங்கள். நண்டுக்கறி தனியாக எழுத வேண்டிய விசயம், இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அதில் இரண்டு தோணிக்கார காக்காவுக்கு, ஒன்று நண்டுக்கு.

காக்காவின் போன் இலக்கத்தை வாங்கி வைத்திருக்கிறேன். வைகாசிக் கடைசியில் உகந்தைப் பக்கம் இருட்டோடு போய், கூடுகளைப் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், நாரைகள் கூடு கட்டுகிற மாதத்தில்தான் எங்கள் ஊரிலும் முகூர்த்தம். டயரியில் ஒரே ஒரு ஞாயிறு வெறுமையாக இருக்கிறது. அதையும் மைத்துனர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.