வீட்டுக்கு 10 கிகாபிட் வந்தாச்சு, லேப்டாப்பில் சொருக இடம் எங்கே?

சிங்கப்பூரில் மாதம் 30 வெள்ளியை ஒட்டியே இப்போது நொடிக்கு 10 கிகாபிட் வேக வீட்டு இணைப்பு கிடைக்கிறது. நாடு முழுதுக்குமான கண்ணாடியிழைக் கட்டமைப்பை அந்த வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப் போவதாக 2024இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சொன்னது. இப்போது நிறுவனங்கள் போட்டி போட்டு விற்கின்றன, பழைய ஒப்பந்தம் முடிந்ததும் நம்ம ஆட்களும் மாறிவிடுகிறார்கள். சரி, ரூட்டர் பெட்டி வந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாச்சு. பக்கத்தில் 3,500 வெள்ளி லேப்டாப். அதில் ஈதர்நெட் கேபிளை, அதாவது நெட்வொர்க் கம்பியை, சொருக ஓட்டையே இல்லை. தப்பித்தவறி போர்ட் உள்ள லேப்டாப்பை வாங்கியிருந்தால் அது பெரும்பாலும் 1 கிகாபிட், காசு கொடுத்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு.

சாதாரண ஈதர்நெட் கேபிளில் 1 கிகாபிட் ஓட்டும் தரம் வந்தது 1999இல். ஆப்பிள் 2001 கடைசியிலேயே பவர்புக் ஜி4இல் அதை வைத்துவிட்டது. 2012இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவோடு ஆப்பிளின் உயர்ரக லேப்டாப்பில் போர்ட்டே போய்விட்டது, விலை உயர்ந்த லேப்டாப் செய்கிற மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வழியில் போனார்கள். இத்தனைக்கும் இதே ஆப்பிள் 2018 மேக் மினியில் கூடுதல் காசுக்கு 10 கிகாபிட் கொடுத்தது, மேக் ஸ்டுடியோவில் கூடுதல் காசு கேட்காமலே தருகிறது. மெல்லியதாகச் செய்யணும் என்ற சாக்கும் முழுசாக எடுபடாது. ஜப்பானில் ஃபுஜிட்சு 700 கிராமுக்கும் குறைவான லேப்டாப்பில் வெளியே இழுத்து விரிக்கிற ஈதர்நெட் போர்ட் வைத்து விற்றிருக்கிறது. அதுவும் 1 கிகாபிட்தான் என்பது வேறு விஷயம்.

இணையத்துக்கு மட்டும் என்றால் 1 கிகாபிட்டே பலருக்குப் போதும், அதை மறுக்கவில்லை. வலிக்கிற இடம் வீட்டுக்குள் கோப்பு நகர்த்துவதுதான். நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) குடும்பப் படங்கள், காணொளிகள், பேக்கப் எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். 100 கிகாபைட் கோப்புறை ஒன்றை நகர்த்த 1 கிகாபிட்டில் கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும், காரணம் நொடிக்கு 110 - 118 மெகாபைட்டுக்கு மேல் அதில் போகாது (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). 2.5 கிகாபிட்டில் ஆறு நிமிடம். 10 கிகாபிட்டில், இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பகம்) இருந்தால், ஒன்றரை நிமிடம். லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டி நொடிக்குப் பல ஆயிரம் மெகாபைட் படிக்கும்போது, அதிலிருந்து வெளியே போகும் கம்பி மட்டும் 1999லேயே நிற்பதுதான் என் எரிச்சல்.

இப்போதைக்கு இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

போர்ட்டோடு வரும் லேப்டாப்பையே வாங்கலாம். ரேசர் பிளேட் 18, ஆசுஸின் ஸ்ட்ரிக்ஸ் ஸ்கார் 18, எம்எஸ்ஐ டைட்டன் 18 போன்ற விளையாட்டு லேப்டாப்களில் 2.5 கிகாபிட் போர்ட் உள்ளேயே இருக்கிறது. எல்லாமே 3 கிலோவைத் தாண்டுபவை, தூக்கிக்கொண்டு எம்ஆர்டியில் ஏறுகிற சாமான் இல்லை. அலுவலக வகை வேண்டும் என்றால் திங்க்பேட் டி14இல் போர்ட் இருக்கிறது, 1 கிகாபிட். நெட்வொர்க்குக்காக மட்டும் லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்க யாரும் போவதில்லை என்பதால் இதை இதோடு விட்டுவிடலாம்.

பெரும்பாலானவர்களுக்குச் சரியான விடை 2.5 கிகாபிட் யூஎஸ்பி அடாப்டர். சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகளிலோ இணையத்திலோ 30, 40 வெள்ளிக்குள் கிடைக்கும். வெளியே எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ரியல்டெக்கின் ஆர்டிஎல் 8156 சிப்தான் (நண்டுப் படம் போட்ட நிறுவனம், உங்கள் மேசைக் கணினியின் மதர்போர்டிலும் அந்த நண்டு அனேகமாக இருக்கும்). வாங்கும்போது கடைசியில் பி என்ற எழுத்துள்ள பிந்தைய பதிப்பா என்று கேளுங்கள், சூடு குறைவு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் சொருகினால் வேலை செய்துவிடும், உண்மையான வேகம் 2.3 கிகாபிட்டைத் தாண்டி வரும். இதில் இன்னொரு வசதி, கேபிளை மாற்ற வேண்டாம். 2.5, 5 கிகாபிட் தரங்களை 2016இல் கொண்டு வந்ததே பழைய கேபிளைக் காப்பாற்றத்தான். சுவருக்குள் போட்டிருக்கும் கேட் 5இ வகை ஈதர்நெட் கேபிளில் 2.5 கிகாபிட் 100 மீட்டர் வரை போகும். நம் வீடுகளில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு இழுத்தாலும் அதில் பாதிகூட வராது.

இதில் இன்னொரு கணக்கும் பொருந்தி வருகிறது. நாஸ் பெட்டியில் இருக்கும் ஒற்றை ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 200 - 280 மெகாபைட்தான் தொடர்ந்து கொடுக்கும். 2.5 கிகாபிட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒன்றிரண்டு டிஸ்க் போட்ட சாதாரண நாஸ் வைத்திருப்பவர் இதற்கு மேல் செலவழித்தால் கூடுதல் வேகம் டிஸ்க்கிலேயே முட்டி நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. இவ்வகை அடாப்டர்களில் சில, லேப்டாப்பை மூடித் திறந்ததும் இணைப்பை மறந்துவிடும், கழற்றி மாட்டணும். இரண்டே டைப்-சி போர்ட் உள்ள மெல்லிய லேப்டாப்பில் ஒன்று சார்ஜருக்கும் ஒன்று இதற்கும் போனால் பென்டிரைவைச் சொருக இடமில்லை. அப்புறம் பையில் தொங்கும் இன்னொரு வால். 3,500 வெள்ளிக்கு வாங்கிய பொருளுக்கு 35 வெள்ளி வாலைத் தனியாகத் தேடி வாங்க வைப்பது எனக்கு இன்னமும் ஒட்டவில்லை, ஆனால் இருக்கிற தெரிவுகளில் இதுதான் உருப்படி.

5 கிகாபிட் யூஎஸ்பி அடாப்டர் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. முதலில் வந்தவை, உதாரணத்துக்குக் கியூநாப் விற்ற யூஎஸ்பி அடாப்டர், 5 கிகாபிட் யூஎஸ்பி வழியாகவே ஓடின. அந்த யூஎஸ்பியில் குறியாக்கத்துக்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மிஞ்சுவதில் 3.5 கிகாபிட்டை ஒட்டித்தான் கிடைக்கும். ரியல்டெக்கின் புதிய ஆர்டிஎல் 8157 சிப் 10 கிகாபிட் யூஎஸ்பியில் ஓடுவதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. விலை 2.5 கிகாபிட்டிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் 5 கிகாபிட் பேசும் சாதனம் வேண்டும். வீட்டு ஸ்விட்ச்சுகளில் (பல ஈதர்நெட் கம்பிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டி) 2.5 மலிவாக வந்துவிட்டது, 10 ஓரளவு கிடைக்கிறது, 5 அரிது. ரூட்டரின் 10 கிகாபிட் போர்ட்டில் நேராகச் சொருகப் போகிறீர்கள் என்றால், அந்த போர்ட் 5ஐயும் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு, இதை எடுக்கலாம்.

10 கிகாபிட் வேண்டும் என்றால் தண்டர்போல்ட் (டைப்-சி ஓட்டை வடிவிலேயே வரும், இன்னும் வேகமான இணைப்பு) அடாப்டர். சோனெட்டின் சோலோ 10ஜி, கியூநாப், ஓடபிள்யூசி என்று பல உண்டு, விலை 200 முதல் 300 வெள்ளி. யூஎஸ்பி அடாப்டர் மாதிரி இல்லாமல் இது பிசிஐஇ என்ற கணினியின் உள் இணைப்பு வழியாக நேராக லேப்டாப்போடு பேசுகிறது, அதனால் வேகம் நிலையாக இருக்கும், செயலிக்குச் சுமையும் குறைவு. மேக்கில் டிரைவரே தேட வேண்டாம். நாலு டிஸ்க் போட்ட நாஸ், அல்லது எஸ்எஸ்டி நாஸ் வைத்து அதிலேயே நேரடியாகக் காணொளி வெட்டுபவர்களுக்கு வேறு வழியே இல்லை, இதுதான். அவர்கள் போட்ட காசு ஒரே திருமணக் காணொளி வேலையில் நேரமாகத் திரும்பி வந்துவிடும்.

மற்றவர்களுக்கு? தயங்குகிறேன். முதலில் சூடு. அடாப்டரின் உலோக உறையே சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், வேலை நடக்கும்போது தொட்டுப் பார்த்தால் புரியும். அப்புறம் போர்ட் குழப்பம். டைப்-சி ஓட்டை எல்லாம் ஒரே வடிவம், தண்டர்போல்ட் அல்லது முழுமையான யூஎஸ்பி4 இல்லாத ஓட்டையில் சொருகினால் ஒன்றும் நடக்காது. லேப்டாப் ஓட்டைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கப் போங்கள், மேக் என்றால் குறி இருக்காது, மாடலின் விவரக்குறிப்பைப் பார்க்கணும். 10 கிகாபிட் ஸ்விட்ச் இன்னமும் விலை அதிகம் என்பதையும் சேர்த்துக் கூட்டுங்கள். கேபிள் மட்டும் கவலை இல்லை, கேட் 6 இருந்தால் 55 மீட்டர் வரை 10 கிகாபிட் தாங்கும்.

லேப்டாப்பை மேசையில் வைத்தே அதிகம் வேலை செய்பவர் என்றால் அடாப்டரை விட்டுவிட்டு டாக் (பல போர்ட்டுகள் உள்ள மேசைப் பெட்டி) வாங்கலாம். கால்டிஜிட்டின் டிஎஸ்4இல் 2.5 கிகாபிட் போர்ட் இருக்கிறது, டிஎஸ்5 பிளஸ்ஸில் 10 கிகாபிட்டே இருக்கிறது, ஆனால் அது 500 அமெரிக்க டாலர் சமாசாரம். சார்ஜ், திரை, நெட்வொர்க் எல்லாம் ஒரே கேபிளில் வருவதால் போர்ட் பற்றாக்குறையும் தீரும். 50 வெள்ளி ஹப்களில் ஈதர்நெட் என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், அது பெரும்பாலும் 1 கிகாபிட், சிலவற்றில் 100 மெகாபிட்.

இரண்டே கணினி, எப்போதாவது பெரிய கோப்பு என்றால் இரண்டையும் தண்டர்போல்ட் கேபிளால் நேராக இணையுங்கள். நெட்வொர்க்காகவே வேலை செய்யும், 10 கிகாபிட் அளவுக்குப் போகும், கேபிள் கையில் இருந்தால் செலவு சுழியம்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி: வைஃபை 7 இருக்கும்போது கம்பி எதுக்கு? பெட்டியில் 5.8 கிகாபிட் என்று போட்டிருக்கும். லேப்டாப்பில் இருக்கும் இரண்டு ஆன்டெனாவுக்கு, 320 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில், கருத்தளவிலான உச்சம் அது. அதே அறையில், ரூட்டருக்கு எதிரே உட்கார்ந்தால் 3 கிகாபிட் வரை பார்த்தவர்கள் உண்டு, நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் நம்ம ஊரில்தான். சிங்கப்பூரில் வைஃபைக்குக் கொடுத்திருப்பது 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதி, 500 மெகாஹெர்ட்ஸ். அதில் 320 அகல அலைவரிசை ஒன்றே ஒன்றுதான் அடங்கும். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லோரும் வைஃபை 7 வாங்கினால் எல்லோருக்கும் அதே ஒன்று. 6 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறுவது இந்த இடத்தில் ஒருவகையில் நல்லதுதான், பக்கத்து வீட்டு அலை உள்ளே வராது. ஆனால் உங்கள் படுக்கையறைக்கும் உங்கள் அலை வராது, அதிலும் 1990களின் இறுதிக்குப் பின் கட்டிய வீடுகளில் தடித்த சுவரோடு நிற்கும் பதுங்கறை (போர்க்காலப் பாதுகாப்பு அறை) குறுக்கே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேகத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது நிலைத்தன்மை. கம்பியில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் நடக்கும். வைஃபையில் ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பேச முடியும், பிள்ளையின் டேப்லட் பேசும்போது உங்கள் பேக்கப் காத்திருக்கும். ஆகவே வைஃபை 7ஐயும் 2.5 கிகாபிட் கம்பியையும் எதிரெதிரே வைத்தால், ரூட்டர் இருக்கும் அறையில் வைஃபை வெல்லலாம், கதவைத் தாண்டியதும் கம்பி வெல்லும். இன்னொன்று, எம்4 மேக்புக் ப்ரோ வாங்கியவர்களுக்கு இந்த வாதமே கிடையாது, அதில் இருப்பது முந்தைய தலைமுறை வைஃபை 6இ, உச்ச இணைப்பு வேகமே 2.4 கிகாபிட்.

லேப்டாப் உற்பத்தியாளர்களிடம் வேகமான போர்ட் கேட்க ஒரு காலத்தில் கூச்சமாக இருந்திருக்கலாம். 10 கிகாபிட் சிப்கள் பல வாட் மின்சாரம் தின்றன, பேட்டரியில் ஓடும் லேப்டாப்புக்கு அது ஆகாது, நியாயம். 2025 கம்ப்யூடெக்ஸ் கணினிக் கண்காட்சியில் ரியல்டெக் காட்டிய ஆர்டிஎல் 8127 அந்த நியாயத்தைக் காலி செய்துவிட்டது. 10 கிகாபிட் சிப், 2 வாட்டுக்கும் கீழே, விலை 10 அமெரிக்க டாலரை ஒட்டி. விரிகிற போர்ட்டோடு 5 கிகாபிட் வைக்கலாம், தடித்த மாடல்களில் 10 கிகாபிட்டே வைக்கலாம். இரண்டும் முடியாது என்றால் குறைந்தபட்சம் 2.5 கிகாபிட் அடாப்டரைப் பெட்டிக்குள் போட்டுக் கொடுங்கள், 3,500 வெள்ளியில் அது எங்கே போய்விடப் போகிறது.

அதுவரை என் வரிசை இது: சாதாரண வீட்டுக்கு 2.5 கிகாபிட் அடாப்டர், மேசைக்காரருக்கு 2.5 கிகாபிட் டாக், எஸ்எஸ்டி நாஸ் வைத்திருப்பவருக்குத் தண்டர்போல்ட் 10. எதை வாங்கப் போகும் முன்னும் ரூட்டரைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 10 கிகாபிட் திட்டத்தோடு தரும் பல ரூட்டர்களில் வீட்டுச் சாதனங்களுக்கான போர்ட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் 10 கிகாபிட், மற்றவை 1 அல்லது 2.5. அந்த ஒன்றிலும் ஏற்கெனவே நாஸ் உட்கார்ந்திருந்து, மிச்சமெல்லாம் 1 கிகாபிட் என்றால், அடாப்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது 10 கிகாபிட் போர்ட்டும் 2.5 போர்ட்டுகளும் சேர்ந்த ஒரு ஸ்விட்ச்.