பாலிஷ் மிஷின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: மஞ்சள் ஒயர் ரீலும் ‘ஆர்மேச்சர் போச்சு’ பில்லும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீட்டிலேயே காருக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பானெட்டைத் தடவினாலே உப்பு நறநறக்கும். ஒவ்வொரு தடவையும் ராமநாதபுரம் வரை ஓட்டிப்போய் காத்துக் கிடப்பதைவிடச் சொந்த மிஷின் லாபம்தான். அந்த மிஷினை வைத்தே ஒரு கடை என்னிடம் இரண்டு முறை காசு பிடுங்கியது. கடைப் பெயரைப் போடவில்லை. அதே சரக்கு வேறு கடைகளிலும் தொங்குவதால், ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

என்னுடையது 1,200 வாட் ரோட்டரி பாலிஷர். வண்டி நிற்கும் இடம் பிளக்கில் இருந்து தள்ளி என்பதால் 30 மீட்டர் ஒயர் ரீல் கேட்டேன். மஞ்சள் ஒயர், மேலே ‘1.5 சதுர மி.மீ., சுத்தச் செம்பு, 16 ஆம்பியர்’ என்று அச்சு. “வெல்டிங் மிஷினே ஓட்டலாம்ணே” என்றார் கடைக்காரர். பில்லும் கொடுத்தார்.

ரீலை மாட்டிய நாளில் இருந்தே மிஷின் இழுவை இல்லாமல் சுற்றியது. கையில் பிடிக்க முடியாத சூடு, கருகல் வாடை, மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் பக்கம் பொறி. அதே கடையின் சர்வீஸ் பகுதியில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல், “ஆர்மேச்சர் போச்சு, ரீவைண்டிங்தான். கடக்கரை ஏரியால்ல, கரண்டு அப்படித்தான் வரும்” என்றார்கள். மோட்டாருக்குள் சுற்றும் காயில் எரிந்துவிட்டது, புதிதாகச் சுற்ற வேண்டும் என்று அர்த்தம். மிஷின் விலையில் பாதிக்குப் பக்கமாக வாங்கினார்கள். பழைய பாகத்தைக் கேட்டால் “குப்பையில போட்டாச்சு”. பில் கேட்டால் துண்டுச் சீட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டினால் பழைய வாடையே வந்தது. திரும்பப் போனபோது ஸ்டெபிலைசர் ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

கீழக்கரையில் தெரிந்த ஒரு காக்கா (அண்ணன்) இருக்கிறார். சபரில் (வெளிநாட்டு வேலையில்) இருந்தபோது முழுக்க மோட்டார் வேலை பார்த்தவர். மிஷினைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இதுக்கு யாரும் காயில் சுத்தவே இல்ல. பழைய காயில் மேல வார்னிஷ் அடிச்சு, கம்யூட்டேட்டரை எமரி பேப்பர்ல தேய்ச்சுக் கொடுத்துட்டான்.” எமரித் துகள் மின்சாரத்தைக் கடத்தும், கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசும் உருளை) செம்புப் பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் அதுவே ஷார்ட்டுக்கு வழி. கார்பன் பிரஷ்ஷும் வேறு மிஷினுடையதைத் தேய்த்துத் திணித்தது, ஒரு பக்கம் மட்டும். பிரஷ் மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

அப்புறம், “எந்த ஒயர்ல ஓட்டுறீங்க?” என்று கேட்டார். ரீலைக் கொண்டுபோனேன். முனையை வெட்டிப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். லைட்டர் தீயில் காட்டினால் இழை துவண்டு விழுந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். செம்பு 1,085 தாண்ட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 1.5 ஒயரில் பெரும்பாலும் 0.3 மி.மீ. தடிமனில் 22 இழை இருக்கும். இதில் 0.2 தடிமனில் 14. கணக்குப் போட்டால் அரை சதுர மி.மீ. கூடத் தேறாது.

இதனால் என்ன ஆகிறது என்றால், 1,200 வாட் மிஷின் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். நிஜமான 1.5 செம்பு ஒயராக இருந்தால் 30 மீட்டருக்கு 4 வோல்ட் அளவுதான் குறையும். இந்த ரீலில் 20 வோல்ட் பக்கம் போகிறது. சாயங்காலம் வீட்டிலேயே 205தான் வருகிறது என்றால் மிஷினுக்குக் கிடைப்பது 185. வேகம் குறையும், அதே தண்டில் இருக்கும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், காற்று போதாது. வேகம் வரவில்லையே என்று நாம் இன்னும் அழுத்துவோம், ஆம்பியர் ஏறும், காயில் வேகும். காணாமல்போன 20 வோல்ட் ஒயரிலேயே சூடாக இறங்குகிறது: ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பு. ரீலைப் பிரிக்காமல் சுருட்டியபடி ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. நல்ல ஒயரையே சுருளோடு ஓட்டக் கூடாது. இதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எனக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது அடுத்து அவர் காட்டியதில். பிளக்கில் மூன்று பின், ரீல் சாக்கெட்டில் மூன்று ஓட்டை. ஒயருக்குள் இரண்டே கம்பி. எர்த் கம்பியே கிடையாது. என் பாலிஷர் டபுள் இன்சுலேஷன். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உடம்பில் இருக்கும், அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் அதே ரீலை வாங்கித் தண்ணீர் மோட்டாருக்கு மாட்டுகிறார்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று இரும்பு உடம்பு மோட்டாரைத் தொடுகிற வீடுகள் இவை.

கடற்கரையில் அலுமினியத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. பித்தளை ஸ்க்ரூவோடு சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாக ஏறி, இணைப்பு தளர்ந்து, பிளக்கே உருகும்.

ஒயர் வாங்கப் போனால் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 694 என்றும், சிஎம்/எல் என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். என் ரீலில் முத்திரை மாதிரி ஏதோ இருந்தது, எண் இல்லை. முனையைச் சுரண்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். மூன்று கம்பி இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், பாலிஷ் பேடு வாங்கும் காசை முதலில் அதில் போடலாம்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். ரீவைண்டிங் என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். புதுக் காயில் பார்த்தாலே தெரியும். வேலை முடிந்ததும் மிஷினைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட விட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு காற்றுத் துளைகளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். டிக்கியில் போட்டு வைத்தால் உப்புக் காற்று பேரிங்கைத் தின்றுவிடும்.

ரீல் பில்லை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு ரீல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சர்வீஸ் காசுக்கு மட்டும் “அந்தச் சீட்டு எங்களது இல்ல” என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். காக்கா பிரித்து வைத்த பாகங்களின் படங்களோடு மனு தயாராகிறது. துண்டுச் சீட்டு வாங்கிய வேறு யாராவது இருந்தால் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், சேர்ந்தே போடலாம்.