சி.இசட்-101 வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

கேசியோ என்பது நம் ஊரில் கம்பெனிப் பெயரே இல்லை. சின்னக் கீபோர்டு எதுவானாலும் "கேசியோ"தான். அப்படிப் பழகியவர்களுக்கு, அதே கம்பெனி 1984-இல் மேடைக்கும் ஸ்டூடியோவுக்கும் என்றே சி.இசட்-101 என்று ஒரு சின்தசைசர் (சத்தத்தையே நாம் உருவாக்கிக்கொள்ளும் கீபோர்டு) போட்டது, அதற்கு இன்றும் ஆள் தேடுகிறார்கள் என்பது புதுச் செய்தியாக இருக்கும். தெரிந்ததும் அடுத்த கேள்வி: வாங்கலாமா?

49 குட்டிக் கட்டைகள், எட்டுக் குரல் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள்), 16 பிரீசெட் (கம்பெனி போட்டுத் தந்த சத்தங்கள்), நாம் எழுதிக்கொள்ள 16 இடம், அமெரிக்காவில் 499 டாலர் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும் விவரம். அப்போது பிரபலமாக இருந்த சின்தசைசரான யமஹா டி.எக்ஸ்-7 ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர். விலை ஒப்பீட்டை இத்தோடு விடுவோம். இன்றைக்கு யாரும் இதை மலிவு என்பதற்காக வாங்குவதில்லை.

வாங்கக் காரணம் ஒன்றே ஒன்று: டி.சி.டபிள்யூ. கருவியின் மெமரியில் ஒரு கொசைன் அலை (வழவழப்பான, எளிய அலை) இருக்கிறது. அதைச் சீரான வேகத்தில் படித்தால் விசில் மாதிரி மொட்டையான சத்தம். ஒரே சுற்றுக்குள் ஒரு பகுதியை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் படித்தால் அலை கோணிப்போய் ஸாடூத் (ரம்பப் பல் வடிவ அலை) ஆகிறது. எவ்வளவு கோணவேண்டும் என்பதுதான் டி.சி.டபிள்யூ. 0 என்றால் வெறும் கொசைன், 99 என்றால் முழு ஸாடூத். காதுக்கு அனலாக் சின்தில் ஃபில்டரை (சத்தத்தின் கூர்மையை வடிகட்டும் பகுதி) திறந்து மூடுவது போலவே இருக்கும். ஆனால் உள்ளே ஃபில்டரே கிடையாது. டி.எக்ஸ்-7-இல் ஒரு எண்ணை மாற்றினால் சத்தம் எங்கே போகும் என்று ஊகிப்பது கஷ்டம். இதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே கைக்கு வழி தெரிந்துவிடும்.

அலைவடிவங்கள் எட்டு: ஸாடூத், ஸ்கொயர், பல்ஸ், டபுள் சைன், ஸா-பல்ஸ், ரெசனன்ஸ் மூன்று. ஒரு லைனில் (சத்தம் உருவாகும் ஒரு தனி வரிசை) இரண்டை இணைக்கலாம். ரெசனன்ஸோடு ரெசனன்ஸ் மட்டும் சேராது. மொத்தம் 33 வகை. இணைக்கும்போது ஒரு சுற்றுக்கு முதல் அலை, அடுத்த சுற்றுக்கு இரண்டாவது என்று மாறி மாறி வரும். சுற்றின் நீளம் இரட்டிப்பதால் ஒரு ஆக்டேவ் கீழே நிழல் போல இன்னொரு சுருதி கேட்கும். பிட்ச் தவறிவிட்டது என்று நினைத்து ஆக்டேவை மேலே ஏற்றுபவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை, இணைப்பின் குணம்.

இனி எரிச்சலுக்கு வருவோம்.

ஒரு டோனில், அதாவது ஒரு சத்த அமைப்பில், இரண்டு லைன். ஒவ்வொரு லைனிலும் பிட்ச், டி.சி.டபிள்யூ, ஒலியளவு என்று மூன்று என்வலப் (நேரம் போகப் போக அது எப்படி மாறவேண்டும் என்ற வளைவு). ஒவ்வொன்றுக்கும் எட்டுப் படி, படிக்கு ஒரு ரேட், ஒரு லெவல். ஆக 96 எண்கள். 1984-இல் இந்த விலைக்கு இது ராஜ போகம். பவுன்ஸ் ஆகும் அட்டாக், விட்ட பிறகு மறுபடி எழும்பும் எதிரொலி, மெல்ல மலர்ந்து மெல்லச் சுருங்கும் பேட் (பின்னணியில் நீளும் சத்தம்) எல்லாம் அந்தப் படிகளில்தான் இருக்கிறது. அந்த 96 எண்களையும் பார்க்கக் கொடுத்திருப்பது இரண்டு வரி, வரிக்கு 16 எழுத்து, பின்னொளி இல்லாத ஒரு எல்.சி.டி. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். நான்காம் படியை மாற்றும்போது மூன்றாம் படியில் என்ன இருந்தது என்பது உங்கள் ஞாபகத்தில் இருக்கவேண்டும். மாளிகையைக் கட்டிவிட்டுச் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கச் சொன்ன கதை.

இதில் இன்னொரு முடிச்சு. ரேட் என்பது வேகம், நேரம் இல்லை. 99 என்றால் உடனே, 0-க்குப் பக்கத்தில் என்றால் யுகம். லெவலை மாற்றினால் கடக்கவேண்டிய தூரம் மாறும், அதனால் நேரமும் மாறும். டிகேயை (சத்தம் தணியும் கட்டம்) மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்று லெவலைத் தொட்டால் தாளமே நகர்ந்துவிடும். லெவலை முதலில் முடித்துவிட்டு, பிறகு ரேட்டைத் தொடுவதுதான் ஒழுங்கான முறை.

எழுதிவைத்த டோனுக்குப் பெயர் வைக்கவும் இடமில்லை. "இன்டர்னல் 7" என்றால் இன்டர்னல் 7தான். ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும்.

பயந்து பின்வாங்காமல் இருக்க ஒரு பேஸ் (கீழ்ச்சுருதி) டோன்: லைன் செலக்ட் 1+1' (முதல் லைனே இரண்டு முறை), அலை ஸாடூத் மட்டும், டீடியூன் (இரண்டுக்கும் இடையே சுருதி விலகல்) ஆக்டேவ் 0, நோட் 0, ஃபைன் 5. டி.சி.டபிள்யூ: படி 1 ரேட் 99 லெவல் 99, படி 2 ரேட் 65 லெவல் 25, இங்கே சஸ்டெயின் (கட்டையை விடும்வரை நிற்கும் படி), படி 3 ரேட் 60 லெவல் 0, எண்ட். டி.சி.ஏ. (ஒலியளவு என்வலப்): படி 1 ரேட் 99 லெவல் 99, சஸ்டெயின்; படி 2 ரேட் 70 லெவல் 0, எண்ட். பிட்ச் என்வலப்பை லெவல் 0-இல் விடுங்கள். டி.சி.டபிள்யூ கீ ஃபாலோவை (மேல் கட்டைகளுக்குப் போகப் போகக் கோணலைக் குறைக்கும் அளவு) 3-இல் தொடங்கிக் காதுக்கு ஏற்ப ஏற்றுங்கள். இதை 0-வில் விட்டால் மேல் கட்டைகளில் கீச்சென்று உடைந்த சத்தம் வரும்; அதைக் கேட்டுவிட்டு "டிஜிட்டல்னா இப்படித்தான்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இதே டோனில் ஸாடூத்துக்குப் பதில் ரெசனன்ஸ் I போட்டுப் பாருங்கள்.

கமகம் வருமா என்று கேட்பார்கள். பிட்ச் என்வலப் ஒவ்வொரு கட்டைக்கும் அச்சு மாறாமல் அதே வளைவைத்தான் திருப்பிப் போடும். அதைக் கமகம் என்று சொல்ல மனம் வராது. இடது பக்கத்துப் பிட்ச் வீலில், ரேஞ்சை 2 அல்லது 3-க்கு வைத்துக் கையால் வாங்குவதே சரி. கட்டையை அழுத்தும் பலத்தை இது உணராது. மிடி (கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) வழியாகப் பெரிய கீபோர்டை இணைத்தாலும் அந்தப் பலத்தை, அதாவது வெலாசிட்டியை, கண்டுகொள்ளாது. வெலாசிட்டி வேண்டுமென்றால் 1986-இல் வந்த சி.இசட்-1 தேடவேண்டும். குட்டிக் கட்டைதான் பிரச்சினை என்றால் சி.இசட்-1000, உள்ளே இதே சரக்கு, கட்டை முழு அளவு.

பேட்டரி விஷயத்தில் கவனம். ஆறு பெரிய டி சைஸ் செல். எழுதிவைத்த 16 டோன்களையும், அணைத்திருக்கும்போது காப்பாற்றுவது இதே செல்கள்தான். செல் தீர்ந்து, அடாப்டரும் இல்லையென்றால் எல்லாம் போச்சு. அதற்காகச் செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து ஸ்பிரிங்கை அரிக்கும். அல்கலைன் செல் கசிந்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பச்சை பிடித்த ஸ்பிரிங்கை மாற்றுவதே நல்லது.

அடாப்டர் 9 வோல்ட் டி.சி., நடு முனை நெகட்டிவ். கடையில் சும்மா கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். செருகினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். கிட்டார் பெடலுக்கு விற்கும் அடாப்டரும் நடு முனை நெகட்டிவ்தான், ஆனால் அவற்றில் பல மிகக் குறைந்த மில்லியாம்பியர் தருபவை. 1 ஆம்பியர் தரக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். ஜப்பானிலிருந்து வந்த பெட்டியில் அடாப்டர் இருந்தால் அது 100 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் செருகினால் புகைதான்.

கட்டைகள் விட்டுவிட்டுப் பேசினால் முதலில் எது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் கார்பன் காண்டாக்டில் அழுக்கு. குறிப்பிட்ட இடைவெளியில் வரிசையாகச் செத்திருந்தால் ரிப்பன் கேபிளையோ டயோடையோ பாருங்கள். அழுக்குத் துடைத்து அது தீராது. துடைப்பதென்றால் செல்லையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, ரப்பர் பட்டையை மெல்லத் தூக்குங்கள். போர்டில் உள்ள காண்டாக்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். ரப்பரின் கறுப்புப் பொட்டைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்கவேண்டும். தேய்த்தால் கார்பன் உரிந்து, சுமாராக வேலை செய்த கட்டையும் ஊமையாகும்.

டோன்களைக் கணினியில் சேமிக்கலாம். ஒரு டோன் 128 பைட். மிடியில் ஒவ்வொரு பைட்டும் இரண்டாகப் பிளந்து 256-ஆகப் போகும். மொத்தமாக அனுப்ப வழியில்லை, ஒவ்வொன்றாகத்தான். மலிவான யு.எஸ்.பி. மிடி கேபிள்கள் இத்தனை நீளத்தைப் பாதியிலேயே விழுங்கிவிடும். அதோடு, டோனைக் கேட்டு வாங்கும்போது நடுவில் "சரி, மேலே அனுப்பு" என்று கணினி பதில் சொல்லவேண்டும். பொதுவான சிஸ்எக்ஸ் (மிடி வழியாகக் கருவியின் அமைப்புகளை அனுப்பிப் பெறும்) மென்பொருள்களுக்கு இது தெரியாது, அதனால் ஒன்றுமே வராது. சி.இசட்டுக்கென்றே எழுதிய எடிட்டர் வேண்டும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் 96 எண்களும் வரைபடமாகத் திரையில் விரியும். அந்தச் சாவித்துவாரத்துக்கு வேலையே இல்லாமல் போகும். செல்லையும் கழற்றி வெளியே வைக்கலாம்.

மிடியில் நான்கு சானலில் நான்கு வெவ்வேறு டோன், ஒவ்வொன்றிலும் ஒரு குரல். இந்த வசதியை மறக்கவேண்டாம். டோனுக்கென்று தனி வால்யூம் கிடையாது. சத்தத்தைச் சமன்செய்ய டி.சி.ஏ. லெவல்களைத்தான் இறக்கவேண்டும். ஆம், மறுபடியும் படி படியாக.

ஆக, வாங்கலாமா? சத்தத்தைப் பற்றி மேலே சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். ஆர்ட்டூரியாவின் சி.இசட் வி போன்ற மென்பொருளில் இதே கணக்கு, பெரிய திரையில், பெயர் வைத்துச் சேமிக்கும் வசதியோடு கிடைக்கிறது. என் பெட்டி விற்பனைக்கு உண்டா என்று யாராவது கேட்டால் மட்டும், இல்லை.

சொல்லியும் கேட்காமல் வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்குமுன் முதலில் செல் மூடியைத் திறந்து பாருங்கள். பிறகு 49 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். நல்ல செல்களைப் போட்டு, ஒரு டோனை இன்டர்னலில் எழுதி, அடாப்டரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். எழுத மறுத்தால் பின்னால் உள்ள மெமரி புரொடெக்ட் சுவிட்ச் விழுந்திருக்கும். கோளாறு என்று சொல்லி விலையைக் குறைக்கவேண்டாம்.