டிக் போட்ட பிரேக், திறக்காத நிப்பிள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீல் அலைன்மென்ட் மட்டும் செய்வதற்கு என்றால் தாராளமாகப் போங்கள். பிரேக் வேலைக்குப் போவதாக இருந்தால் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

கொழும்பில் தொடங்கி இப்போது மலையகத்து டவுன்களிலும் கிளை போட்டிருக்கிற, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஒரு செயின் கராஜைப் பற்றித்தான் எழுதுகிறேன் (இந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் அதைப் போடவில்லை). பெயரை எழுதப் போவதில்லை. மற்றக் கிளைகளில் நல்ல கைகள் இருக்கலாம். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 2014 ஆல்டோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோதே தெரிந்துவிட்டது, இனி இதுதான் நமக்கு என்று. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் வரி போட்டு வருகிற விலையைக் கேட்டால் ஒரு வாத்தியார் சம்பளத்தில் ஸ்டியரிங்கைத்தான் வாங்கலாம். அதனால் இருக்கிறதைப் பிள்ளை மாதிரி பார்க்கிறேன். முன்பெல்லாம் டவுனுக்குக் கீழே தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு பாஸிடம்தான் (மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுப்பேன். பில் கிடையாது, கை மட்டும்தான் சுத்தம். 2022 பொருளாதார நெருக்கடியோடு அவர் கட்டாருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அங்கே இங்கே காட்டி, கடைசியில் இந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்தேன்.

வரவேற்பு பிரமாதம். டை கட்டிய தம்பி ஒருவர் டேப்லெட்டோடு வந்து காரைச் சுற்றிப் போட்டோ எடுத்தார், "சேர், லோங் டிரிப் போறதென்றால் புல் பிரேக் பெக்கேஜ் செய்துவிடுங்க" என்றார். அடுத்த வாரம் அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரி கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக இருந்ததால் சரி என்றேன். ஒயில், ஒயில் ஃபில்டர், எயார் ஃபில்டர், முன் பிரேக் பேட், பின் ட்ரம் கழற்றித் துப்புரவு, பிரேக் ஒயில் முழுவதும் மாற்றுவது, எல்லாமாக 38,400 ரூபாய். வேலை நடக்கிற பக்கம் போகலாமா என்று கேட்டேன். "இன்சூரன்ஸ் பிரச்சினை சேர், உள்ளே விட முடியாது" என்று சோபாவைக் காட்டினார்கள். டீ வந்தது, நல்ல டீதான். ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் கார் கழுவித் துடைத்து வாசலுக்கு வந்துவிட்டது. கையில் ஒரு தாள், அதில் 32 வரி, 32 டிக். எல்லா டிக்கும் ஒரே சாய்வு, ஒரே பேனா, ஒரே வேகம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஹோம்வேர்க் திருத்துகிறவன் நான். பழைய பேட் எங்கே என்று கேட்டேன், "அதைக் குப்பையில போட்டுட்டோம் சேர்" என்றார்கள். அதோடு விட்டேன்.

அடுத்த வியாழன் விடியற்காலை புறப்பட்டோம். ஹட்டன், ரொசல்லை, வட்டவளை என்று இறங்கி கினிகத்தேனையில் நாவலப்பிட்டிப் பக்கம் திரும்பினோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஹட்டன் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாவலப்பிட்டி அதில் ஏறக்குறைய பாதிதான். அந்த வித்தியாசம் முழுவதையும் வளைவு வளைவாகப் பிரேக்தான் சாப்பிட வேண்டும். பனி விலகி வெயில் ஏறுகிற நேரம். "தம்பி, ஏதோ கருகுற வாசம் வருது" என்றார் அம்மா. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு வளைவு தாண்டி ஒரு லொறிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சுத் தலையணை மாதிரி உள்ளே போனது. திரும்ப மிதித்தேன், இன்னும் கீழே போனது. மூன்றாவது தடவை தரையைத் தொட்டது.

இரண்டாம் கியர், முதலாம் கியர், ஹேன்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடது பக்க மண் திட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். எழுதும்போது ஒரு வரிதான். கை நடுக்கம் நிற்க இருபது நிமிடம் ஆனது. அம்மா ஒன்றும் பேசவில்லை, முருகா என்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் எவரும் இறக்கத்தில் நிம்மதியாக உட்காருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்த இருபது நிமிடத்தில் பெடல் தானாகச் சரியாகிவிட்டது. கல் மாதிரி நின்றது. முதலாம் கியரிலேயே ஊர்ந்து நாவலப்பிட்டிக்கு வந்து, டவுனுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டிய ஒரு சின்னக் கராஜில் நிறுத்தினேன். வயதான சிங்கள பாஸ் ஒருவர், வெற்றிலை வாயோடு நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஜாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

முதல் பிரச்சினை வீல் நட். ஏர் கன்னால் அடித்த அடியில் நான்கில் மூன்று முக்கி முனகிக் கழன்றன, நான்காவது ஸ்டட்டோடு (நட் ஏறுகிற கம்பி) முறிந்து வந்தது. சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரைக்குள்தான் முறுக்கம் சொல்வார்கள், உங்கள் காருக்கு எவ்வளவு என்று மனுவலில் இருக்கும், கடைசி இறுக்கத்தை, எவ்வளவு இறுகியது என்று காட்டுகிற டோர்க் ரெஞ்சால்தான் கொடுக்க வேண்டும். இங்கே கன் போதும் போதும் என்று கத்துகிற வரைக்கும் அடித்திருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் பாஸ் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கெலிப்பருக்குப் பின்னால் பிரேக் ஒயிலும் காற்றும் வெளியேறுகிற நிப்பிள் ஒன்று இருக்கும், அதற்குமேல் ஒரு சின்ன ரப்பர் மூடி. அந்த மூடியின் மேல் எங்கள் தோட்டத்து ரோட்டுச் செம்மண் காய்ந்து, வெடித்து, ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினார், உதிர்ந்தது. மூடியை எடுத்தால் நிப்பிளின் ஆறு முகத்திலும் துரு, ஒரு ஸ்பேனர் கீறல்கூட இல்லை. "மேக்க அரலாவத் நெஹே, மாத்தயா." இதைத் திறக்கவே இல்லை. மற்ற மூன்று சக்கரத்திலும் அதே செம்மண், அதே துரு. பிரேக் ஒயில் மாற்றியதாக 4,000 ரூபாய், கூலியாக 2,500 ரூபாய், டிக் இரண்டு.

பேட் மாற்றியிருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் கெலிப்பர் முன்னும் பின்னும் நகர்கிற இரண்டு பின்களையும் துடைத்துக் கிரீஸ் பூசவில்லை. இடது முன் பக்கத்தில் ஒரு பின் காய்ந்து இறுகிக் கிடந்தது. பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அம்மாவுக்கு வந்த வாசம் அதுதான்.

இது எப்படிப் பிரேக்கையே இல்லாமல் ஆக்குகிறது என்று பாஸ் அரைச் சிங்களத்திலும் அரைத் தமிழிலும் சொன்னதை, பிறகு நானும் வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்கிற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 பாகை. டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் டவுனுக்குள் ஓடுகிறபோது பழைய ஒயிலாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உரசிக்கொண்டே இருக்கிற பேட்டோடு நீண்ட இறக்கத்தில் போனால் கெலிப்பருக்குள் ஒயில் கொதித்துக் குமிழி போடும். ஒயிலை அழுத்தினால் சுருங்காது, குமிழி சுருங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் குமிழிக்குத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. ஆறினால் குமிழி மறைந்துவிடும், பெடல் திரும்ப வந்துவிடும், நீங்கள் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பாஸ் ஸ்டட் வாங்கிவர ஆள் அனுப்பினார். நான் பெடலில் உட்கார்ந்தேன். "அடி, அடி, பிடி... விடு" என்று தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து நான்கையும் எடுத்தார். போத்தலுக்குள் வந்தது எங்கள் ஊர்ச் சாயத் தண்ணி (பால் போடாத டீ) நிறம், சீனி போட்ட மாதிரிக் கொழகொழப்பு. புதியது கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி, இலேசான மஞ்சள். எல்லாவற்றுக்கும் 5,200 ரூபாய் வாங்கினார். அம்மாவுக்குப் பலகையில் பேப்பர் விரித்துக் கொடுத்தார். கிளினிக் நம்பர் போய்விட்டது, அது வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் பொனட்டைத் திறந்து எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினேன். ஃபில்டர் மாற்றினால் ஓரத்தில் மார்க்கரால் கிலோமீட்டரை எழுதிவைப்பது என் மாமனார் பழக்கிவிட்ட பழக்கம். என் கையெழுத்தில் 61,200 அப்படியே இருந்தது. அன்றைக்கு மீட்டரில் 78,000. இந்தக் கராஜ் எயார் ஃபில்டருக்கு எடுத்தது 2,900 ரூபாய்.

திரும்பக் கராஜுக்குப் போனபோது டை கட்டிய தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்து "சிஸ்டத்தில் கம்ப்ளீட்டட் என்றுதான் காட்டுது சேர்" என்றார். சிஸ்டம் குனிந்து நிப்பிளைப் பார்த்ததா என்று கேட்டேன். மேனேஜர் வந்தார். ரோட் டெஸ்ட் செய்துதான் கொடுத்தோம் என்றார். எதுவரைக்கும் என்றேன். பெற்றோல் செட் வரைக்கும் என்றார். டவுனில் இருக்கிற ஒரே சமதரை அதுதான். பிறகு, நீங்கள் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கியிருப்பீர்கள் என்றார். உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நான் மூன்றாம் கியரில்தான் இறங்கினேன், இரண்டில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் கியர் செம்மண்ணைக் கொண்டுவந்து நிப்பிளில் பூசாது. பாஸ் நிப்பிளைத் திறப்பதற்கு முன்னால் நான்கு சக்கரத்திலும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டியதும் மேனேஜர் குரலைத் தாழ்த்தி, 5,000 ரூபாய் வவுச்சர் தருகிறோம் என்றார். எதற்கு, திரும்ப இவர்களிடமே பிரேக்கைக் கொடுப்பதற்கா?

தலைமை அலுவலக ஹொட்லைனில் தமிழுக்கு 3 என்றது. 3ஐ அழுத்தினால் பாட்டு, பாட்டு முடிந்தால் சிங்களம். நானும் சிங்களத்திலேயே பேசினேன். நாளைக்குக் கூப்பிடுவோம் என்று மூன்று தடவை சொன்னார்கள். நான்காவது நாள் கடிதமாக எழுதினேன்: திகதி, பில் இலக்கம், படங்கள், நாவலப்பிட்டி பாஸ் எழுதித் தந்த துண்டு. கடைசியில் ஒரு வரி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், இல்லையென்றால் அதிகாரசபையின் 1977 ஹொட்லைனுக்கு முறையிடுவேன் என்று. அன்று பின்னேரமே போன் வந்தது, தமிழில். உங்களுக்கும் நடந்தால் நாளைக்கு நாளைக்கு என்று அலையாதீர்கள், அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட மூன்று மாதம்தான் இருக்கிறது, இவர்கள் இழுப்பதே அதற்குத்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பத்தொன்பது நாளில் 9,400 ரூபாய் வங்கிக்கு வந்தது. பிரேக் ஒயில், அதன் கூலி, எயார் ஃபில்டர், அவ்வளவுதான். பாஸுக்குக் கொடுத்த 5,200க்கு மூச்சே இல்லை. கையொப்பம் வைக்கத் தந்த தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, "முழுத் திருப்தியோடு" பெற்றுக்கொண்டேன் என்று. முழு என்பதை வெட்டிவிட்டுக் கையொப்பம் வைத்தேன். அவர்கள் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை, அவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது நான் எங்கே கொடுத்தாலும் கொடுப்பதற்கு முதல் நாள் ஃபில்டரிலும் நிப்பிள் மூடியிலும் மனைவியின் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைக்கிறேன். கழற்றிய சாமான் பெட்டியில் வேண்டும் என்று ஜொப் கார்டில் எழுதவைக்கிறேன், வாயால் சொன்னால் காற்றில் போய்விடும். வேலை முடிந்ததும் செய்த பையனையே பக்கத்தில் உட்காரவைத்து இறக்கத்தில் ஒரு ரவுண்ட் போகிறேன். டை கட்டியவர் வேண்டாம், கையில் ஒயில் கறை இருக்கிறவர்தான் வேண்டும். போன தடவை வேறொரு இடத்தில் அப்படிக் கேட்டபோது அந்தப் பையன் சீட் பெல்ட் போடுவதற்கு முன்னால் "கொஞ்சம் இருங்க அண்ணே" என்று இறங்கிப் போய் நட்டுகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தான்.

இந்தக் கராஜுக்கு ஐந்துக்கு இரண்டு. ஒன்று அலைன்மென்ட் மெஷினுக்கு, அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. மற்றது டீ கொண்டுவந்த பொடியனுக்கு.