எழுத்தில் முதல் வருமானம்: மொழிபெயர்ப்பா, தொடர்கதையா, கிண்டிலா?

தமிழில் நன்றாக எழுத வரும். வேலையும் வீட்டுப் பொறுப்பும் போக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். மாதம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் கைச்செலவுக்கு உதவும். இப்படி இருப்பவர்கள் முதலில் கேட்பது, எதில் நிறைய வரும் என்று. நான் அவர்களிடம் முதலில் பார்க்கச் சொல்வது, எதில் எப்போது வரும் என்பதை.

சீக்கிரம் காசு பார்க்க மொழிபெயர்ப்புதான். செயலிகளின் திரை வாசகங்கள், வங்கி அறிவிப்புகள், சப்டைட்டில், மருந்து ஆய்வில் சேருபவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வேலை வந்துகொண்டே இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஏஜென்சி சின்ன மாதிரிக் கோப்பு ஒன்று அனுப்பும், அதில் தேறினால் வேலை தரும். கூலி பெரும்பாலும் மூலத்தில் உள்ள சொற்களை எண்ணித்தான். ஆங்கிலத்தில் 1,000 சொல் தமிழில் 800 ஆகச் சுருங்கினாலும் பில் 1,000-க்குத்தான். ஆனால் பில் அனுப்பி 30 நாள், 45 நாள், சில இடங்களில் 60 நாள் காத்திருக்க வேண்டும். சொன்ன தேதிக்குத் தருவார்களா என்று தெரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் ப்ரோஸ் (ProZ) தளத்தின் ப்ளூ போர்டு இருக்கிறது. வேலை செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளர்களே அங்கே ஏஜென்சிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். புதிய இடத்தில் வேலையை ஏற்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலையும் நிறைய வருகிறது. அதற்குச் சொல்லுக்கான கூலி குறைவு. ஒரு ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று சரியாக இருக்கும். அடுத்த வரியிலேயே "உன் மருத்துவரிடம் கேள்" என்று வந்து நிற்கும். அதற்கடுத்த வரியில் "பக்க விளைவுகள் ஏற்படலாம்" என்பது "ஏற்படும்" ஆகியிருக்கும். படிக்கிறவர் நோயாளி, இதை நம்பித்தான் கையெழுத்துப் போடப்போகிறார். ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். எனவே இந்த மாதிரி வேலைக்குச் சொல் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கில் கூலி கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடலாம்.

ஃபைவர், அப்வொர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளங்களில் வாடிக்கையாளர் நேரடியாகக் கிடைப்பார் என்பது உண்மை. ஆனால் ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், 5 டாலர் வேலையில் உங்களுக்கு 4 டாலர். புதியவர்களுக்கு வேலை முடிந்த பிறகும் 14 நாள் கழித்துத்தான் அந்தப் பணத்தை எடுக்க முடியும். அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் செலவாகும். இலவசமாகக் கிடைப்பவை தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் வேலை கிடைக்கும் முன்பே கையிலிருந்து போவதால் தொடக்கத்துக்கு இதை நான் சொல்வதில்லை.

சரி, கதை எழுதத்தான் ஆசை என்பவர்களுக்கு வருவோம். அங்கே கதைகளைத் தொடராக வெளியிடும் பிரதிலிபி செயலியும், அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலும்தான் நேர்ப் போட்டி. பிரதிலிபியில் வாசகர் சேருவது எளிது. நாள் தவறாமல் யூடி (அடுத்த அத்தியாயம்) போட்டால் நாலு பேர் படிப்பார்கள், கருத்து எழுதுவார்கள், அடுத்த அத்தியாயம் எங்கே என்று கேட்பார்கள். எழுத்து திருந்துவதே அந்த நெருக்குதலில்தான். பணம் என்று பார்த்தால் வாசகர் தரும் நாணயங்களும் சந்தாவும்தான், அதுவும் பின்தொடர்பவர்கள் சேர்ந்த பிறகு. முதல் ஆறு மாதத்துக்கு அந்த வரவை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

கிண்டிலில் கணக்கு வேறு. உரிமத்தொகை (ராயல்டி) 35 அல்லது 70 சதவீதம். இந்தியாவில் விற்கும் நூலுக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபியிலும்தான். அதனால்தான் நம் நாவலாசிரியர்கள் தொடர் முடிந்ததும் லிங்க்கை எடுத்துவிட்டுக் கிண்டிலுக்குப் போகிறார்கள், வாசகர் ரீரன் (மறுபடியும் போடச் சொல்லி) கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செலக்டில் சேர்ந்த நூலை, கிண்டில் அன்லிமிடெட் என்ற மாதச் சந்தாத் திட்டத்தில் இருப்பவர் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் உண்டு. எல்லாமே விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வரும். கணக்குத் தொடங்கும்போது வரும் அமெரிக்க வரிப் படிவத்தை அவசரத்தில் தள்ளிவிடாதீர்கள். அதில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் அமேசானின் அமெரிக்கக் கடையில் நடக்கும் விற்பனைக்கு 15 சதவீதம் வரி பிடிப்பார்கள், இல்லையென்றால் 30. வெளிநாட்டுத் தமிழர்கள் வாங்கும் நூலாக இருந்தால் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

வலைப்பூ, அதில் கூகுள் விளம்பரம் போட்டுப் பணம் தரும் ஆட்சென்ஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தமிழுக்கு ஆட்சென்ஸ் 2018-இல் வந்தது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், அதற்கே புதியவர்களுக்கு நெடுநாள் ஆகும். வார இதழ்களுக்கு அனுப்புங்கள், பெயர் கிடைக்கும். சன்மானத்தை மாத வருமானமாக நினைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், வாரத்தில் நாலு நாள் மொழிபெயர்ப்பு, மீதி மூன்று நாள் தொடர்கதை. தொடர் முடிந்ததும் திருத்தி, அட்டை போட்டு, கிண்டில். மொழிபெயர்ப்புக் கூலி வந்துகொண்டிருந்தால் கதையைக் காசுக்காக இழுக்க வேண்டியிருக்காது.

எதில் இறங்கினாலும் முன்பணம் கட்டச் சொன்னால் விலகிவிடுங்கள். பக்கங்களைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்குவதும், பிழை இருக்கிறது என்று பிறகு வக்கீல் நோட்டீஸ் காட்டி மிரட்டுவதும் பழைய மோசடி. கதையை ஆடியோவுக்கோ பதிப்பகத்துக்கோ கேட்டால் எந்த வடிவம், எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம் என்று எழுதி வாங்குங்கள். நமது பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957) உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக" என்று ஒரு சொல் இருந்தால், அதை நீக்கித் தரச் சொல்லி, நீக்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.