தோட்டாவா, தோளா? 50 மீட்டரில் ஓர் ஒப்பீடு

கோலாலம்பூரில் ரைபிள் சுடப் பழகும் எங்கள் சிறு குழுவில் வாரம் தவறாமல் எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்தால், தே தாரே தேநீர் ஆறுவதற்குள் அது தொடங்கிவிடும். மதிப்பெண் ஏறவேண்டுமானால் விலை கூடிய போட்டித் தோட்டாவை வாங்குவதா, அதே பணத்துக்குச் சாதாரணத் தோட்டாவை நிறைய வாங்கிச் சுட்டுச் சுட்டு உடம்பைப் பழக்குவதா? நான் இரு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறேன். இரண்டையும் செய்தும் பார்த்துவிட்டேன்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழகத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள் பணம் பயிற்சிக்கே போகவேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்குக் கிடைப்பதிலேயே மலிவான தோட்டாவை வாங்கக்கூடாது. முதல் பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சண்டை வருவது இரண்டாம் பாதியில்தான்.

நாங்கள் சுடுவது .22 லாங் ரைபிள் தோட்டா, தூரம் 50 மீட்டர். சர்வதேச இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. நம் 5 சென் நாணயத்தைவிடச் சிறியது. அதை 50 மீட்டருக்கு அப்பால் வைத்து, உருப்பெருக்கும் கண்ணாடி இல்லாத வளையக் குறிகளால் பார்த்து அடிக்கவேண்டும்.

முதலில் தோட்டாவின் பக்கம் நின்று பேசுகிறேன். 1887 முதல் இருந்துவரும் இந்தத் தோட்டாவில், தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. ஈரமாக இட்டு, சுழற்றி, விளிம்பெங்கும் பரவச் செய்கிறார்கள். அது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் பரவியிருந்தால் வெடிமருந்து ஒரே சீராகப் பற்றாது. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறும். அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 50 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 113 மி.மீ. இறங்கும். 315 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 124 மி.மீ. இறங்கும். காற்றின் தடையையும் சேர்த்தால் இரண்டும் சற்றுக் கூடும். வித்தியாசம் 11 மி.மீ.; பத்தின் முழு அகலத்தையும் அதுவே விழுங்கிவிடுகிறது. சுட்டவர் ஒரு தவறும் செய்யவில்லை.

ஈலி டெனெக்ஸ், லாப்புவா மைடாஸ் பிளஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50 போன்ற போட்டித் தோட்டாக்களுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை இந்தச் சீர்மைக்காகத்தான். வேகத்துக்காக அல்ல. போட்டித் தோட்டாக்கள் நொடிக்கு 325 மீட்டரை ஒட்டியே பறக்கின்றன. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் ‘அதிவேக’ தோட்டாக்கள் போகும் வழியில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது தடுமாறுகின்றன. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பெயரைவிட முக்கியமானது தயாரிப்பு எண், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரித்த தோட்டாக்களுக்கு இடும் எண். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவில்கூட ஓர் எண் என் ரைபிளின் குழலுக்குப் பிடிக்கிறது, இன்னோர் எண் பிடிப்பதில்லை. அதனால்தான் ஈலி பர்மிங்காமிலும் லாப்புவா ஜெர்மனியின் ஷோனெபெக்கிலும் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தம் ரைபிளைக் கொண்டுபோய், அதை இறுக்கிப் பொருத்தி, எந்த எண் அதற்கு ஒத்துவருகிறது என்று பார்த்து வாங்குகிறார்கள். நமக்கு மணல்மூட்டை போதும். ரைபிளை அதன்மேல் சாய்த்து, ஒவ்வோர் எண்ணிலும் பத்துப் பத்தாக ஐந்து முறை சுட்டால் உண்மை தெரிந்துவிடும். இந்த நாட்டில் தோட்டாவும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருவதால், உரிமம் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும். நினைத்த நேரத்தில் கடைக்குப் போய்ப் பத்து வகை வாங்கிப் பார்க்க வழியில்லை. கிளப்பில் நாலு பேர் சேர்ந்து சோதிப்பதுதான் நடக்கக்கூடியது.

நம் ஊர் வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டித் தோட்டாவின் ஈயத்தில் மெழுகுப் பூச்சு இருக்கும். வழியில் சாப்பிட இறங்கி வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டால், அது இளகிக் கீழே வழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் கையில் வைத்திருப்பது விலை கொடுத்து வாங்கிய தோட்டா அல்ல.

இனி உடம்பின் பக்கம். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே முக்கால் மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் பொருந்துவதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 7 மி.மீ. விலகும். ஒரு தலைமுடியின் பருமன் அளவுப் பிசகு அது. ரைபிளை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலும் அடி விலகும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு எழுமுன் வரும் அமைதியில் ஆறேழு நொடிக்குள் சுட்டு முடிக்காவிட்டால் பார்வை மங்கும், தசை நடுங்கும். ரைபிளைக் கையோடு பிணைக்கும் தோல்வாரும் எலும்பும் தாங்கவேண்டிய எடையைத் தசை தாங்கினால் உடம்பு இலக்கைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். இதைச் சோதிக்க எளிய வழி, குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறப்பது. குறி இலக்கிலேயே இருந்தால் நிலை சரி. விலகியிருந்தால் கையால் ரைபிளை இழுக்கக்கூடாது; இடுப்பையும் காலையும் நகர்த்தவேண்டும்.

நிலை என்பது எவ்வளவு ஆழமாக உடம்பைச் சார்ந்தது என்பதற்கு நம் நாட்டின் நூர் சுர்யானியை நினைக்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் சிறு ஈய ரவையைச் செலுத்தும் துப்பாக்கி) போட்டியில் நின்று 56 பேரில் 34ஆவதாக வந்தார். எடையின் மையமே இடம் மாறிய உடம்போடு அந்த நிலையைக் கட்டி எழுப்பியிருக்கிறார். எந்த ரவையாலும் வாங்கித் தரமுடியாத திறமை அது. எதிர்ப்புறத்தில் 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸ். தங்கம் ஏறக்குறைய கையில் இருந்தபோது, கடைசிக் குண்டைச் சுடும்போது ரைபிளை இலக்குக்கு இறக்கும் முன்பே விரல் விசையில் பட்டுவிட்டது. கிடைத்தது 4.4. உலகின் தலைசிறந்த வீரருக்கும் ஒரு விரல் அசைவு அவ்வளவு விலை வைத்தது.

எந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டாவின் பிசகையும் சுடுபவரின் பிசகையும் அப்படியே கூட்டக்கூடாது; வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். புதியவர் ஒருவரின் நடுக்கம் மட்டும் 30 மி.மீ. பரப்பில் துளைகளைச் சிதறடிக்கிறது, மலிவுத் தோட்டா 15 மி.மீ. சிதறுகிறது என்றால் மொத்தம் 33.5 மி.மீ. அவர் 8 மி.மீ. சிதறும் உயர்தரத் தோட்டாவுக்கு மாறினால் 31 மி.மீ. அவ்வளவுதான் லாபம். அதே மலிவுத் தோட்டாவோடு நடுக்கத்தைப் பாதியாக்கினால் 21 மி.மீ. ஆனால் நடுக்கம் 12 மி.மீ.க்குள் வந்துவிட்ட தேர்ந்தவருக்குக் கதையே வேறு. அவருக்கு மலிவுத் தோட்டா 19 மி.மீ. தரும், உயர்தரம் 14 மி.மீ. தரும். போட்டியில் அந்த ஐந்து மில்லிமீட்டர் பெரிய இடைவெளி.

இந்தக் கணக்கை எனக்கு அட்டையில் காட்டியவர் எங்கள் பயிற்றுநர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். என் துளைகள் இடப்பக்கம் கீழே விழுந்துகொண்டிருந்த ஒரு மாதம், நான் தோட்டாவைக் குறைசொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்க, ரைபிளில் அவரே தோட்டா போட்டுத் தந்தார். மூன்று சுற்று வெடித்தது. நான்காவதில் விசையை இழுத்தேன். ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. வெடித்து முடிந்த வெறுங்கூட்டைப் போட்டிருந்தார். குழலின் முனை ஒரு விரற்கடை கீழே குனிந்து நின்றது.

“தோட்டா வெடிக்கவே இல்லை, தம்பி. குழல் ஏன் குனிந்தது?” என்றார்.

வெடிச் சத்தத்தை எதிர்பார்த்து என் தோளே அதைத் தள்ளியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் சில வெறுங்கூடுகளைக் கலந்துதான் சுடுகிறேன்.

அப்படியானால் மலிவுத் தோட்டாவே போதுமே என்று நண்பர்கள் கேட்பார்கள். இங்குதான் நான் அவர்களோடு மாறுபடுகிறேன். சுட்டவுடன், அட்டையைப் பார்க்கும் முன்பே, குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று சொல்லிப் பழகவேண்டும். விசை விடுபட்ட கணத்தில் குறி எங்கே நின்றது என்பதை நினைவில் பிடித்துச் சொல்வது அது. கற்றலின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு பெரிய மலிவு டப்பாவை வாங்கி நான் பழகிய காலத்தில், ‘பத்து, சற்றே வலம்’ என்று மனம் சொல்லும். துளை எட்டில், கீழே இருக்கும். ‘இழுத்துவிட்டேன்’ என்று சொல்வேன்; துளை நடுவில் இருக்கும். சில வாரத்தில் சொல்வதையே நிறுத்திவிட்டேன். சொல்லி என்ன பயன்? துளைகள் ஏணிபோல மேலும் கீழும் நின்றபோது மூச்சைச் சரியாக நிறுத்தவில்லையோ என்று என்னையே குறைகூறி, சரியாக இருந்த மூச்சையும் கெடுத்துக்கொண்டேன். மூச்சுப் பிழைக்கும் வேகப் பிழைக்கும் அட்டையில் ஒரே முகம். மணல்மூட்டையில் வைத்துச் சுட்டபோதும் அதே ஏணி வந்தது. அப்போதுதான் உண்மை விளங்கியது.

நடுத்தர விலையில் ஒரே தயாரிப்பு எண்ணுக்கு மாறினேன். எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் வகையைச் சேர்ந்த, வேகம் குறைந்த, சீரான தோட்டா. மதிப்பெண் உடனே குதித்து ஏறவில்லை. ஆனால் நான் சொன்ன இடத்தில் துளை இருந்தது. தவறு என்னுடையது என்று உறுதியாகத் தெரிந்ததும் அதைத் திருத்தத் தெம்பு வந்தது.

ஏர் ரைபிளில் நிலைமை சற்று வேறு. அங்கே பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. ஈய ரவை நொடிக்கு 175 மீட்டர் அளவில்தான் போகிறது. குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால், விசையை இழுத்த பிறகும் அசையாமல் நிற்பது இன்னும் கட்டாயமாகிறது. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நகைவேலை செய்யும் உறவினர் ஒருவரின் தராசில் நானும் 0.53 கிராம் ரவைகளை ஓர் இரவு முழுக்க எடைபோட்டுப் பிரித்திருக்கிறேன். என் கையளவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பின்பாவாடை, அதாவது பின்புற விளிம்பு, நசுங்கிய ரவைகளைக் கண்ணால் பார்த்து ஒதுக்கியதில் கிடைத்த பலன் அதைவிடக் கூடுதல்.

காற்றை இரு பக்கமும் தனதென்று உரிமை கொண்டாடலாம். மாலை நான்கு மணிக்கு மழைக்கு முன் கிளம்பும் அந்தக் குறுக்குக் காற்று, மணிக்கு 16 கி.மீ. இருந்தாலே .22 குண்டை 50 மீட்டரில் இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும். எந்தத் தோட்டாவும் அதிலிருந்து தப்பாது. காற்றைக் காட்டும் கொடி எப்போது தாழ்கிறது என்று காத்திருக்கும் பொறுமைதான் அங்கே மதிப்பெண்.

இப்போது என் பெட்டியில் நடுத்தரத் தோட்டா ஒரே எண்ணில் இருக்கிறது. நாங்கள் நால்வர் சேர்ந்து சோதித்துத் தேர்ந்த போட்டித் தோட்டா இரண்டு பெட்டிகளும், மொத்தம் நூறு, குளிர்ந்த அலமாரியில் பிரிக்காமல் கிடக்கின்றன. மணல்மூட்டை இல்லாமல், படுத்த நிலையில் என் சிதறல் 15 மி.மீ.க்குள் வரும் நாளில் அவற்றைப் பிரிப்பேன் என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் 19 வந்தது.