ஏஎஸ்பி.நெட் கோரில் லாகிங்: கன்ஸ்ட்ரக்டர் வழி ஐலாகரா, ஸ்டாட்டிக் செரிலாகா?

மைக்ரோசாஃப்டின் வலைச்செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் கோரில் எழுதிய செயலியில் லாகிங்கை, அதாவது செயலியில் நடப்பவற்றைப் பதிவுசெய்வதை, அமைக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன: கட்டமைப்பே தரும் ஐலாகர் என்ற பதிவு இடைமுகத்தை வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் பெறுவது ஒன்று, செரிலாக் நூலகத்தின் ஸ்டாட்டிக் லாகரை (செயலி முழுவதற்கும் பொதுவான ஒரே லாகரை) எங்கிருந்தும் நேரடியாக அழைப்பது மற்றொன்று.

இரண்டாவது வழியில் எழுதவேண்டிய நிரல் குறைவு. ஆனால் ஒரு வகுப்பு லாகரைச் சார்ந்திருப்பது வெளியே தெரியாது. லாகரை அமைக்க மறந்தாலோ பிழையேதும் எழாமல் பதிவுகள் அனைத்தும் தடயமின்றிப் போய்விடும். ஒரே நேரத்தில் ஓடும் சோதனைகள் அந்த ஒரே லாகரைப் பகிர்ந்துகொள்வதால், எந்தப் பதிவு எதனுடையது என்று பிரித்தறிவதும் கடினம்.

முதல் வழியில், ஆர்டர்சர்வீஸ் என்ற வகுப்பு தன் கன்ஸ்ட்ரக்டரில் ஐலாகர்<ஆர்டர்சர்வீஸ்> என்று கேட்டால், நேம்ஸ்பேஸுடன் கூடிய அதன் முழுப்பெயரே பதிவின் வகைப்பெயராகிறது. எனவே செயலியின் அமைவுக் கோப்பான ஆப்செட்டிங்ஸின் ‘லாகிங்’ பகுதியில், பதிவாகவேண்டிய குறைந்தபட்ச மட்டமாக ‘மைக்ரோசாஃப்ட்.ஏஎஸ்பிநெட்கோர்’ என்ற முன்னொட்டுக்கு வார்னிங் (எச்சரிக்கை) என்றும், நம் சொந்த வகுப்புகளுக்கு டீபக் (நுண்விவரம்) என்றும் குறித்து, நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் தேவையற்ற பதிவுகளைத் தடுத்துவிடலாம். யூனிட் சோதனையில் எதையும் எழுதாத வெற்று லாகரைக் கொடுத்தால் போதும்.

ஆயினும் செயலியை இயக்கும் ஹோஸ்ட் உருவாவதற்கு முன், வகுப்புகளுக்கு ஐலாகரைக் கொடுக்கும் கண்டெய்னரே இல்லை. அமைவுக் கோப்பில் உள்ள பிழையால் செயலி தொடங்கும்போதே விழுந்தால், அதைப் பதிவுசெய்ய ஸ்டாட்டிக் லாகர்தான் கைகொடுக்கும். ஆகவே புரோகிராம் கோப்பில் மட்டும் ஸ்டாட்டிக் லாகரை வைத்துக்கொண்டு, யூஸ்செரிலாக் என்ற மெத்தட் மூலம் செரிலாக்கை ஐலாகரின் பின்னணியில் இணைத்து, மற்ற வகுப்புகளில் ஐலாகரையே பயன்படுத்துவதைப் பரிந்துரைப்பேன். அப்படி இணைத்தபின் ‘லாகிங்’ பகுதியில் குறித்த மட்டங்கள் செல்லுபடியாகாது என்பதால், அவற்றை ‘செரிலாக்’ பகுதிக்கு மாற்றிவிட வேண்டும்.